பட்டிச் சுவர் தீர்மானம்

"கான்ஸ்டபிள், சத்தம் போடாம கேளு. ஏபல் மார்ச்சைப் பிடிக்க வந்திருக்கோம்."

மன்ற வாசலில் பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டே மத்திய அரசின் துணை மார்ஷல் க்ராஸ்பி இதைச் சொன்னபோது, உள்ளே ஏபல் மார்ச் பேசுவதற்காக எழுந்து நின்றிருந்தார். பன்றிகளைப் பற்றிப் பேசுவதற்காக.

1853, மார்ச் முதல் திங்கள். மாசசூசெட்ஸின் எல்லா ஊர்களையும் போல எங்கள் ஆஷ்வெல்லிலும் அன்று ஊர்க்கூட்டம். ஓட்டுள்ள ஆண்கள் எல்லோரும் கீழே பெஞ்சுகளில். பெண்கள் மேல்மாடத்தில், மதியச் சாப்பாட்டுக்கான மொச்சைப் பானைகளோடு. செருப்புத் தைக்கிற நான், ஜோத்தாம் பிக்ஸ், அந்த வருஷம் ஊரார் தேர்ந்தெடுத்த கான்ஸ்டபிள். கறுப்புத் தடியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும். கூட்டத் தலைவர் சொல்வதைச் செய்ய வேண்டும். அவ்வளவுதான் வேலை.

க்ராஸ்பிக்குப் பின்னால் இன்னொருவர் நின்றார். சாம்பல் நிறக் கையுறை, மெழுகு தடவிய மீசை, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளத்த பூட்ஸ். வர்ஜீனியாவிலிருந்து வந்த பெய்டன்.

"வாரண்ட் இருக்கா?" என்றேன்.

"போஸ்டன் கமிஷனர் கையெழுத்தோட இருக்கு. ஆளை அடையாளம் காட்ட ஐயாவே நேர்ல வந்திருக்கார். அவர் ஆள் முன்னாடி நின்னு கை நீட்டினாத்தான் நான் பிடிப்பேன். போன தடவை தப்பான ஆளைப் பிடிச்சு நான் பட்ட அசிங்கம் போதும்."

பெய்டன் என் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் கண் நின்ற இடம் எனக்குத் தெரிந்தது.

"அதோ நிக்கிறானே, அது எங்கப்பா சொத்து" என்றார், குதிரையைக் காட்டுவது போல.

*

ஏபல் எங்கள் ஊருக்கு வந்தது ஒரு மார்ச் மாதத்தில். பழைய பெயரை வர்ஜீனியாவிலேயே விட்டுவிட்டு, மாதத்தையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார். தோல் பதனிடும் பட்டறையில் சேர்ந்தார். டெலைட்டைக் கல்யாணம் செய்தார். வரி கட்டினார், ஓட்டுப் போட்டார். கடந்த ஆண்டு ஊர்க்கூட்டம் அவரைப் பட்டிக்காரராகத் தேர்ந்தெடுத்தது. மன்றத்துக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், கல் சுவர் கட்டிய பட்டி. தெருவில் அலைகிற பன்றி, ஆடு, மாடு எல்லாம் அதற்குள்தான். சாவி ஏபலிடம்.

அந்தச் சுவரின் வடமூலை இடிந்து, தரையோடு தரையாக ஒரு பொந்து விழுந்திருந்தது. பிடித்து அடைத்த பன்றி மறுநாள் அதன் வழியே வெளியே வந்து யாராவது ஒருவருடைய முட்டைக்கோஸைத் தின்றது. பெரும்பாலும் தேவாலய மூப்பர், டீக்கன் தேயருடைய முட்டைக்கோஸ்.

இந்தத் தேயர்தான் அன்றைய கூட்டத் தலைவர். அதுதான் எனக்குக் கவலை.

ஓடிவந்த அடிமையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்த நாளிலிருந்து, கொல்லன் கேலப் ஸ்டோனின் உலைக்கூடத்தில் ஒவ்வொரு குளிர்காலமும் ஒரே சண்டை. ஒரு பக்கம் கேலப். மறுபக்கம் டீக்கன்.

"மனுஷனை மனுஷன் வேட்டையாடச் சொல்றது சட்டமா? வர்றவன் நெத்தியில ஒரு குண்டு. அதான் என் பதில்" என்பான் கேலப்.

"உனக்குப் பிடிக்காத சட்டத்தை நீ சுடு. தெற்கத்திக்காரன் அவனுக்குப் பிடிக்காத சட்டத்தைச் சுடட்டும். அப்புறம் என்ன மிஞ்சும்? போர்தான். உன் பசங்க ரெண்டு பேரும் அதுல போவாங்க. கெட்ட சட்டத்தை மாத்துற வரைக்கும் அது சட்டம்தான்டா."

"போர் வந்தா வரட்டுமே."

"வரட்டுமாம். குதிரை லாடம் அடிக்கிற மாதிரி சொல்றான் பாரு."

ஒருநாள் இதைக் கேட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்த ஏபல் வாயிலிருந்த புகைக்குழாயை எடுத்தார்.

"போர் இனிமேதான் வரும்னு உங்களுக்கு யார் சொன்னது டீக்கன்? எங்கம்மா கழுத்துல இரும்பு மாட்டின அன்னிக்கே வந்தாச்சு. ஒரு பக்கத்துக்கிட்டதான் ஆயுதம் இருந்துது. அதான் உங்களுக்குச் சத்தம் கேக்கலை." பிறகு கேலப் பக்கம் திரும்பினார். "நீ சுடுவே. சரி. நாளைக்கு ராணுவம் வரும். முதல்ல யார் வீட்டுக் கதவை உடைக்கும்? உன் வீட்டையா, என் வீட்டையா? ரெண்டு பேரும் என்னை நடுவுல வச்சுதான் வாதாடறீங்க. ஒருத்தராவது என்னைக் கேட்டீங்களா?"

கேலப் திரும்பித் துருத்தியை ஊத ஆரம்பித்தான். டீக்கன் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் மனசு மாறியதா என்பது யாருக்கும் தெரியாது. சட்டம் என்றால் சட்டம் என்று சொல்கிற அந்த மனிதரின் கையில்தான் இப்போது நான் அந்த வாரண்டைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

*

நடு வழியாக நடந்தேன். பெஞ்சுகளில் கழுத்துகள் திரும்பின. வாசலில் நின்ற அந்நியர்களைப் பார்த்ததும் ஊருக்கு விளங்கிவிட்டது. கேலப்பின் கை கோட்டுக்குள் போனது. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஏபல் பெய்டனைப் பார்த்தார். முகத்தில் ஒரு நரம்புகூட அசையவில்லை. பிறகு மேல்மாடத்தைப் பார்த்தார். டெலைட் பானையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, பின்படி வழியாக இறங்கிப் போனாள்.

டீக்கன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாரண்டை முதல் எழுத்திலிருந்து கடைசி முத்திரை வரை படித்தார். மடித்தார். மேஜைமேல் வைத்தார்.

"வாரண்ட் செல்லும்" என்றார்.

 கேலப் எழுந்தான்.

"உக்காரு கேலப். உன்னைப் பேசச் சொல்லலை." டீக்கன் சுத்தியலைத் தட்டினார். "வாரண்ட் செல்லும். ஆனா இன்னிக்குக் கூட்டத்துல என்னென்ன பேசணும்னு ஒரு வாரம் முன்னாடியே வாசல்ல அறிவிப்பு ஒட்டியாச்சு. அதுல இல்லாத எதையும் இங்க எடுக்க முடியாது. கூட்டம் முடியற வரைக்கும் இந்தக் காகிதம் இந்த மேஜையிலேயே இருக்கும். மிஸ்டர் மார்ச், பட்டிச் சுவர் பத்திப் பேசிட்டிருந்தீங்க. பேச்சு உங்களோடது."

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். தலைவர் ஒருவருக்குப் பேச்சைக் கொடுத்துவிட்டால், அவராக உட்காரும் வரை மாகாண கவர்னரே வந்தாலும் குறுக்கே வாய் திறக்கக் கூடாது. இது மாசசூசெட்ஸில் பிறந்த க்ராஸ்பிக்குத் தெரியும். அவர் கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார்.

பெய்டனுக்குத் தெரியாது.

"போய்ப் பிடிங்க. என்ன வேடிக்கை இது?"

"கூட்டம் முடியட்டும் ஐயா. இப்ப உள்ள போய் ஒருத்தர் மேல கை வச்சா, நாம ரெண்டு பேரும் நடந்து திரும்ப மாட்டோம்."

ஏபல் அதிகம் பேசாதவர். நாலு வார்த்தையில் முடிக்கிற ஆள். அன்று அவர் சுவரின் கல்லிலிருந்து ஆரம்பித்தார். எந்தக் கல் எந்த வயலிலிருந்து வந்தது, பனி உருகும்போது மண் எப்படித் தூக்குகிறது, சுண்ணாம்பு வைத்தால் நிற்குமா, வைக்காமல் நிற்குமா. பிறகு பன்றிகள். கருப்புப் பன்றியின் குணம், வெள்ளைப் பன்றியின் குணம், விதவை ஹோலிஸ் வீட்டுப் பன்றியின் தனிக் குணம்.

முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. எல்லோருக்கும் புரிந்துவிட்டது. டெலைட் வண்டி பூட்டிக்கொண்டிருக்கிறாள். ஏபல் வாயாலேயே நேரத்தை இழுத்துக்கொண்டிருக்கிறார்.

ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. வண்டி தயாராகிவிட்டாலும் என்ன? அவர் உட்கார்ந்த நிமிஷம் பெய்டனின் கை நீளும்.

ஏபலின் குரல் மாறியது.

"பட்டிச் சட்டம் ரொம்ப நியாயமான சட்டம், தலைவரே. அலையற மிருகத்தை நான் அடைக்கிறேன். சொந்தக்காரர் வந்து, இது என்னோடதுன்னு நிரூபிக்கணும். அதோட, அது செஞ்ச சேதத்துக்கு ஈடு கட்டணும். இங்க இன்னிக்கு ஒரு சொந்தக்காரர் வந்திருக்காரு. நான் அலையற மிருகம்னு சொல்றாரு. அப்ப அவர் கிட்ட சபை ஒண்ணு கேக்கணும். இந்த ஊர்ல நான் யாரோட முட்டைக்கோஸைத் தின்னேன்?"

"என்னோடதை இல்லை" என்றார் டீக்கன், முகம் மாறாமல். சபை குலுங்கியது.

"இன்னொண்ணு. பட்டிக்காரனா நான் நிறையப் பன்னிகளைப் பார்த்தாச்சு. கெட்டிக்காரப் பன்னிகளும் உண்டு. ஆனா இந்த மன்றத்துல எந்தப் பன்னியும் இதுவரைக்கும் எழுந்து நின்னு ஒரு தீர்மானம் கொண்டுவந்ததில்லை. வர்ஜீனியாவுல ஒரு பெரிய வீடு இருக்கு. அந்த வீட்டுப் பையனுக்கு எழுத்து வரலை. அவன் பாடத்தை எல்லாம் ஒரு அடிமைப் பையன்தான் ஜன்னலுக்கு வெளியில நின்னு கேட்டு, மனப்பாடம் பண்ணி, ராத்திரி அவனுக்கு ஒப்பிச்சான். அந்த வீட்டுப் பையன் இப்ப பெரிய மனுஷன். நல்ல பூட்ஸ் போட்டிருக்கான்."

பெஞ்சுகளிலிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பெய்டனின் பூட்ஸைப் பார்த்தார்கள்.

பெய்டன் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். "ஜிம்! வாயை மூடுடா நாயே!" ஏபல் வர்ஜீனியாவில் விட்டுவந்த பெயர் அது.

சுத்தியல் விழுந்தது.

"ஐயா, நீங்க பேச அனுமதி வாங்கலை. அமைதியா இருங்க" என்றார் டீக்கன்.

"இந்தப் பன்னிக் கூட்டத்துக்கு நான் அனுமதி கேக்கணுமா?"

"வெளியே போங்க. இது ரெண்டாவது எச்சரிக்கை."

"என் சொத்தோடதான் போவேன்" என்று பெய்டன் ஏபலின் கையைப் பிடித்தார். இன்னொரு கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போனது. கேலப் கோட்டிலிருந்து தன்னுடையதை உருவிவிட்டான். ஒரு விசை அழுத்தினால் டீக்கன் பயந்த போர் எங்கள் மன்றத்திலேயே ஆரம்பமாகிவிடும்.

ஏபல் கையை உதறவில்லை. ஓடவும் இல்லை. கேலப்பைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார், வேண்டாம் என்று. பிறகு டீக்கனைப் பார்த்தார். சட்டம் சட்டம் என்றாயே, இப்போது காட்டு என்கிற பார்வை.

டீக்கன் தேயர் எழுந்து நின்றார். அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

"கான்ஸ்டபிள் பிக்ஸ். மாசசூசெட்ஸ் சட்டப்படி, ஊர்க்கூட்டத்துல எச்சரிச்ச பிறகும் கலாட்டா பண்றவரைத் தலைவர் அப்புறப்படுத்தலாம். கூட்டம் முடியற வரைக்கும் வசதியான ஓர் இடத்துல அடைச்சு வைக்கலாம். இந்த ஆளை அடைச்சு வை."

"டீக்கன், நம்ம ஊர்ல சிறை கிடையாதே" என்றேன்.

"பூட்டு உள்ள இடம் எது?"

 மன்றம் முழுக்கப் புரிந்து, சிரிப்பில் கூரை அதிர்ந்தது.

"பட்டி" என்றேன்.

அந்தக் கறுப்புத் தடி இருபது வருஷமாக நாய்களை விரட்ட மட்டுமே பயன்பட்டது. அன்று அதைப் பெய்டனின் மணிக்கட்டில் இறக்கினேன். துப்பாக்கி பெஞ்சுக்கு அடியில் போனது. ஆளை இருபுறமும் பிடித்துக்கொள்ள ஆட்களுக்குப் பஞ்சமில்லை.

"மார்ஷல்! உங்களுக்கு உத்தரவு இருக்கு!" என்று கத்தினார் பெய்டன்.

க்ராஸ்பி பெருமூச்சு விட்டார். "கான்ஸ்டபிள், ஐக்கிய அமெரிக்கா பேரால உன்னை உதவிக்குக் கூப்பிடறேன்."

"கூட்டம் முடியற வரைக்கும் நான் தலைவரோட ஆள், மார்ஷல். முடிஞ்சதும் கூப்பிடுங்க, ஓடி வர்றேன்."

"அதான் நினைச்சேன்" என்றார் க்ராஸ்பி. "வாரண்ட் மேஜையில. அடையாளம் காட்ட வந்தவர் பட்டிக்குப் போறார். மொச்சை எத்தனை மணிக்குப் போடுவாங்க?"

*

பட்டிக் கதவை ஏபல் மார்ச்தான் பூட்டினார். பட்டிக்காரர் அவர்தானே. உள்ளே விதவை ஹோலிஸின் பன்றி வைக்கோலில் படுத்திருந்தது. பெய்டன் அதற்கு எதிர் மூலையில் போய் நின்றார்.

வடமூலையில் பொந்து அப்படியே இருந்தது. யாரும் மறைக்கவில்லை. கேலப் சுவர்மேல் முழங்கையை வைத்து எட்டிப் பார்த்துச் சொன்னான்: "வழி இருக்குய்யா. பன்னி தினமும் அதுலதான் போகுது. கொஞ்சம் தவழணும், அவ்வளவுதான்."

சாலையோரம் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் கரண்டியோடு வரிசையாக நின்றார்கள். பெய்டன் பொந்தைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். தன் பூட்ஸைப் பார்த்தார். வர்ஜீனியாவின் பெரிய வீட்டுப் பிள்ளை நாலு காலில் சேற்றில் தவழ்வதா? அங்கேயே நின்றார். நாள் முழுக்க நின்றார்.

பட்டியில் அடைத்ததற்குத் தீனி போட வேண்டியது பட்டிக்காரர் கடமை. ஏபல் ஒரு தட்டில் மொச்சையும் கறுப்பு ரொட்டியும் வைத்து, சுவர்மேல் நீட்டினார். "சாப்பிடுங்க. எங்கம்மாவை நீங்க பட்டினி போட்ட மாதிரி நான் போட மாட்டேன்."

பெய்டன் வாங்கவில்லை. பன்றி வாங்கிக்கொண்டது.

சறுக்கு வண்டி வந்து நின்றது. டெலைட் கடிவாளத்தைப் பிடித்திருந்தாள். வடக்கே ரயில், ரயிலுக்கு அப்பால் கனடா. டீக்கன் தொப்பி இல்லாமலே வெளியே வந்தார்.

"ஒரு நாளைத்தான் என்னால வாங்கித் தர முடிஞ்சுது ஏபல். சட்டத்துல அவ்வளவுதான் இருந்துது."

"போதும் டீக்கன். ஆனா நான் இன்னும் உக்காரலை. ஞாபகம் இருக்கட்டும். என் பேச்சு பாக்கி இருக்கு."

"பேச்சு உங்களோடது. எப்ப வந்தாலும்."

வண்டி திருப்பத்தில் மறைந்தது. டீக்கன் உள்ளே போய்ச் சுத்தியலைத் தட்டினார். அதற்குப் பிறகு ஆஷ்வெல்லின் வரலாற்றிலேயே நீளமான கூட்டம் நடந்தது. கல்லறைத் தோட்டக் கதவின் கொக்கியைப் பற்றி மட்டும் ஒவ்வொரு ஆணும் எழுந்து கருத்துச் சொன்னார். கேலப் அதே கருத்தை மூன்று தடவை சொன்னான். பொழுது சாய்ந்த பிறகுதான் கூட்டம் முடிந்தது. ஏபல் விட்டுப்போன சாவியால் நான் பட்டியைத் திறந்தேன். பெய்டன் யாரோடும் பேசாமல் நடந்தார். அவருக்கு முன்பே பன்றி பொந்து வழியாகப் போய்விட்டிருந்தது.

*

டீக்கன் பயந்த போர் கடைசியில் வந்தது. கேலப் வரட்டுமே என்றதும் அதுதான். அவனே போனான், ஒரு காலை விட்டுவிட்டு வந்தான். அவன் மூத்த பையன் வரவில்லை.

ஆனால் பட்டிச் சுவர்? ஒவ்வொரு மார்ச்சிலும் யாராவது எழுந்து, "சுவரைக் கட்டலாமே" என்பார். டீக்கன் சுத்தியலைத் தட்டுவார். "முன்மொழிந்தவர் இன்னும் பேசி முடிக்கலை. அடுத்தது." வருஷா வருஷம் அந்தப் பொந்து வழியாகப் பன்றிகள் வந்து அவருடைய முட்டைக்கோஸைத் தின்றன. அவர் அசையவில்லை.

போர் முடிந்து, அடிமைத்தனம் நாட்டின் சட்டத்திலிருந்தே துடைக்கப்பட்ட மறு மார்ச். நான் வாசலில் தடியோடு நின்றேன். டீக்கனும் கேலப்பும் உள்ளே வழக்கம்போல் சண்டை.

"துப்பாக்கிதான் தீர்த்துச்சுன்னு இப்பவாவது ஒத்துக்குங்க டீக்கன்."

"தீர்த்ததை எழுதி வைக்கச் சட்டம்தானேடா வேண்டியிருந்துது?"

படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. திரும்பினேன். நீல ராணுவக் கோட்டு, கையில் சார்ஜென்ட் பட்டை, தலையில் நரை. கனடாவிலிருந்து வந்து கறுப்பர் படையில் சேர்ந்து, வர்ஜீனியாவுக்கே துப்பாக்கியோடு நடந்து போய் வந்தவர். பின்னால் டெலைட்.

"உள்ளே போகலாமா கான்ஸ்டபிள்?" என்றார் ஏபல் மார்ச்.

 தடியைத் தரையில் தட்டி வழிவிட்டேன்.

அவர் நடு வழியில் நடக்க நடக்க, பெஞ்சு பெஞ்சாக ஆண்கள் எழுந்தார்கள். கேலப் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். டீக்கன் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். பிறகு சுத்தியலைத் தட்டினார்.

"எல்லாரும் உக்காருங்க. பட்டிச் சுவர் பத்தின தீர்மானம் நிலுவையில இருக்கு. குறுக்கீடு வந்தபோது மிஸ்டர் மார்ச் பேசிட்டிருந்தார். பேச்சு அவரோடது. தொடருங்க."

ஏபல் தொப்பியைக் கழற்றினார். சபையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"நான் சொல்ல வந்தது இவ்வளவுதான் தலைவரே. பெய்டன் வீட்டு வாசல்ல போன வருஷம் எங்க படை ஒரு ராத்திரி தங்குச்சு. அந்த வீட்டுச் சுவரும் இடிஞ்சு கிடக்கு. அதை நாங்க கட்ட வேண்டாம். நம்ம சுவரைக் கட்டுவோம்."

உட்கார்ந்தார்.

"ஆதரிக்கிறவங்க ஆம் சொல்லலாம்" என்றார் டீக்கன்.

"ஆம்" என்று ஊர் முழங்கியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அது அடங்கும்போது மேல்மாடத்திலிருந்து தனியாக ஒரு குரல், தெளிவாக, "ஆம்" என்றது. டெலைட்.

பெண்களுக்கு ஓட்டு இல்லை. குறுக்கே பேசியவரை அப்புறப்படுத்தலாம். டீக்கன் என்னைப் பார்த்தார்.

"கான்ஸ்டபிள், ஏதாவது கேட்டுதா?"

"வயசாச்சு டீக்கன். காது மந்தம்."

"எனக்கும்தான்" என்று சுத்தியலைத் தட்டினார். "தீர்மானம் ஒருமனதா நிறைவேறியது."